டபிள்யூ5500 ஈதர்நெட் மாட்யூல்: ‘சென்ட்’ சொன்ன பிறகு பைட்டுகள் எங்கே நிற்கின்றன?

தீப்பெட்டியைவிடச் சற்றே நீளமான ஒரு போர்டு. ஒரு முனையில் ஆர்ஜே45 சாக்கெட், மறுமுனையில் இரட்டை வரிசைப் பின்கள், நடுவே 48 கால்களோடு ஒரு கறுப்புச் சிப். தென்கொரியாவின் விஸ்நெட் நிறுவனம் செய்யும் டபிள்யூ5500 சிப்பை ஏற்றிப் பலரும் விற்கும் மாட்யூல் இது. இந்திய ஆன்லைன் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஆர்டுயினோ ஈதர்நெட் ஷீல்டு 2-இல் இருப்பதும் இதே சிப்தான். முதல் ஷீல்டில் இருந்தது இதற்கு மூத்த டபிள்யூ5100.

இதன் சிறப்பு, நெட்வொர்க்கில் பேசத் தேவையான நெறிமுறைகளான டிசிபி, யுடிபி, ஐபி, ஏஆர்பி, ஐசிஎம்பி எல்லாம் சிப்புக்குள்ளேயே வன்பொருளாக இருப்பது. மைக்ரோகன்ட்ரோலர் எஸ்பிஐ (நான்கு வயர் சீரியல் தடம்) வழியே பைட்டுகளைத் தள்ளினால் போதும். பாக்கெட் கட்டுவது, பிழை கண்டறியும் செக்சம் போடுவது, பதில் வராவிட்டால் திரும்ப அனுப்புவது எல்லாம் சிப்பின் வேலை. 2 கேபி ராம் மட்டுமே உள்ள ஏவிஆர் மைக்ரோகன்ட்ரோலரில்கூட ஒழுங்காக டிசிபி பேச முடிகிறது என்றால் காரணம் இதுதான்.

போர்டோடு விஸ்நெட் தரும் ஐஓலைப்ரரி என்ற சி லைப்ரரியையும் சேர்த்தே இங்கே எடைபோட வேண்டும். பொருளில் பாதி அதுதான். அதில் சாக்கெட், கனெக்ட், சென்ட், க்ளோஸ் என்று லினக்ஸில் பழகிய பெயர்களே இருக்கின்றன. பெயர்தான் அதே, குணம் வேறு. சிப்பைப் பற்றி வரும் புகார்களைக் கிளறிப் பார்த்தால் பெரும்பாலானவை இரண்டே இடத்தில் போய் முடியும்: ஒன்று மின்சப்ளை, இன்னொன்று அந்த ‘சென்ட்’.

மின்சப்ளையும் வயரும்

சிப் 3.3 வோல்ட்டில் ஓடுகிறது. சிக்னல் பின்கள் 5 வோல்ட்டைத் தாங்கும் என்பதால் ஆர்டுயினோ ஊனோ மாதிரியான போர்டோடு லெவல் ஷிஃப்டர் இல்லாமல் நேரடியாக இணைக்கலாம். இடறுவது கரண்ட் விஷயத்தில். 100 மெகாபிட் இணைப்பில் சிப் மட்டுமே 132 மில்லியாம்பியர் எடுக்கும் என்கிறது டேட்டாஷீட். ஊனோவின் 3.3 வோல்ட் பின்னுக்குச் சொல்லப்பட்ட வரம்போ 50 மில்லியாம்பியர். அந்தப் பின்னிலிருந்து சப்ளை கொடுத்தால் முதலில் எல்லாம் சரியாகவே தெரியும். எஸ்பிஐ பேசும், சிப்பின் பதிப்பு எண் சரியாக வரும். கேபிளைச் செருகியதும் வோல்ட்டேஜ் இறங்கி சிப் தானாக ரீசெட் ஆகும். ரீசெட் ஆனால் மேக் முகவரி, ஐபி, கேட்வே எல்லாம் பூஜ்யம். உங்கள் நிரலுக்கு இது தெரியாது, அது பாட்டுக்கு ‘கனெக்ட்’ சொல்லிக்கொண்டிருக்கும்.

ஆகவே 5 வோல்ட் பின்னும் அதற்கான ரெகுலேட்டரும் ஏற்றிய மாட்யூலைப் பார்த்து வாங்குங்கள். 3.3 வோல்ட் மட்டும் ஏற்கும் வகை கையில் வந்துவிட்டால், 300 மில்லியாம்பியராவது தரும் தனி ரெகுலேட்டரும், பின்னை ஒட்டியே 10 மைக்ரோஃபாரட் கபாசிட்டர் ஒன்றும் போடுங்கள். ஓடும்போது சிப்பைத் தொட்டால் சூடு தெரியும். அதற்காகப் பயப்பட வேண்டாம்.

இரட்டை வரிசைப் பின்களை பிரெட்போர்டில் குத்தாதீர்கள். பக்கத்துப் பக்கத்துப் பின்கள் ஒரே வரிசைத் துளைகளில் விழுந்து ஷார்ட் ஆகும். ஜம்பர் வயரில்தான் இணைக்க வேண்டும், அதுவும் 10 சென்டிமீட்டருக்குள் இருந்தால் நல்லது. டேட்டாஷீட்டின் முகப்பில் எஸ்பிஐ வேகம் 80 மெகாஹெர்ட்ஸ் என்று பெரிதாக இருக்கும். உள்ளே போனால், உறுதி தருவது 33.3 மெகாஹெர்ட்ஸுக்குத்தான் என்று அதே தாள் ஒப்புக்கொள்ளும். ஜம்பர் வயரில் இரண்டுமே கனவு. 1 அல்லது 2 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி, சரியாக ஓடுவதைப் பார்த்துக்கொண்டே 8, 10 என்று ஏற்றுங்கள். 10 மெகாஹெர்ட்ஸில் 1460 பைட் உள்ளே போக ஏறத்தாழ 1.2 மில்லிசெகண்ட் ஆகும். சென்சார் அளவுகளை அனுப்புகிறவருக்கு அதற்கு மேல் தேவையே இல்லை.

ரீசெட் பின்னை விட்டுவைக்காமல் ஒரு ஜிபிஐஓவில் (நிரல் ஏற்றி இறக்கக்கூடிய மைக்ரோகன்ட்ரோலர் பின்) கட்டுங்கள். குறைந்தது 500 மைக்ரோசெகண்ட் கீழே இழுத்துப் பிடித்து விட்டு, உள் கடிகாரம் நிலைக்க 1 மில்லிசெகண்ட் பொறுக்க வேண்டும். சிப் எப்போதாவது முரண்டு பிடித்தால் நிரலே அதை எழுப்ப இது ஒன்றுதான் நிச்சயமான வழி.

முதல் பரிசோதனை

எஸ்பிஐ முறை 0 அல்லது 3. ஒவ்வொரு பேச்சுக்கும் முன்னால் மூன்று பைட்: இரண்டு முகவரி, ஒன்று கட்டுப்பாடு. பிறகுதான் தரவு. மொத்தம் முடியும்வரை சிப் செலக்ட் (எந்தச் சிப்போடு பேச்சு என்று காட்டும் வயர்) கீழேயே இருக்க வேண்டும். சில எஸ்பிஐ டிரைவர்கள் ஒவ்வொரு பைட்டுக்கும் சிப் செலக்ட்டைத் தூக்கித் தூக்கி இறக்கும். அப்படியானால் எதுவுமே வேலை செய்யாது. சிப் செலக்ட்டை வன்பொருளிடம் விடாமல் சாதாரண ஜிபிஐஓவாக நீங்களே ஆட்டுவது நல்லது.

நெட்வொர்க் பக்கம் போவதற்கு முன் ஹெக்ஸ் 0039 முகவரியில் உள்ள பதிப்பு ரெஜிஸ்டரை (சிப்புக்குள் உள்ள சிறு நினைவக இடம்) படியுங்கள். 04 வர வேண்டும். 00 அல்லது எஃப்எஃப் வந்தால் சிப்பிலிருந்து தரவு வரும் மிசோ வயர், சிப் செலக்ட், சப்ளை மூன்றில் ஒன்று தவறு. சில தடவை 04, சில தடவை வேறு ஏதோ வந்தால் வேகம் அதிகம் அல்லது கிரவுண்டு வயர் தளர்ச்சி. இந்த ஒரு பைட் ஆயிரம் முறை பிசகாமல் வரும்வரை ‘சாக்கெட்’ பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள்.

ஐஓலைப்ரரிக்கு உங்கள் போர்டைப் பற்றி எதுவும் தெரியாது. சிப் செலக்ட்டை ஏற்றி இறக்க, ஒரு பைட் எழுதிப் படிக்க, பல பைட்டுகளை ஒரே மூச்சில் தள்ள என்று சில கால்பேக் ஃபங்ஷன்களை (தேவையானபோது லைப்ரரி அழைப்பவை) நீங்கள் எழுதிப் பதிய வேண்டும். பலரும் ஒற்றைப் பைட் ஃபங்ஷனோடு நிறுத்திவிடுகிறார்கள். அப்போதும் ஓடும், ஆனால் ஊர்ந்து ஓடும். கடைசியில் சொன்ன பர்ஸ்ட் ஃபங்ஷனில் டிஎம்ஏவை (ப்ராசஸர் தலையிடாமல் தரவை நகர்த்தும் வன்பொருள்) கட்டினால்தான் எஸ்பிஐ வேகத்துக்குப் பலன். கிரிட்டிக்கல் செக்‌ஷன் என்று, குறுக்கீட்டைத் தடுக்கும் பூட்டாக, இன்னொரு ஜோடியும் உண்டு. ஆர்டிஓஎஸ் (பல வேலைகளை மாற்றி மாற்றி ஓட்டும் சிறு இயங்குதளம்) வைத்து இரண்டு டாஸ்க்கிலிருந்து சிப்போடு பேசினால் அதைக் காலியாக விடக்கூடாது. ஒரு டாஸ்க்கின் மூன்று பைட் தலைப்புக்கும் தரவுக்கும் நடுவே இன்னொன்று புகுந்து ரெஜிஸ்டரைக் கெடுக்கும். அதே எஸ்பிஐ தடத்தில் எஸ்டி கார்டு இருந்தால் அதற்கும் இதே பூட்டு வேண்டும்.

மேக் முகவரி சிப்பில் கிடையாது, நீங்கள்தான் கொடுக்க வேண்டும். எடுத்துக்காட்டு நிரலில் இருப்பதை அப்படியே விட்டு இரண்டு சாதனங்களை ஒரே ஸ்விட்சில் மாட்டினால், ஒன்று பேசும்போது மற்றொன்று ஊமையாகும். முதல் பைட் 02 என்று வைத்து மற்ற ஐந்தையும் சாதனத்துக்குச் சாதனம் மாற்றுங்கள்; மைக்ரோகன்ட்ரோலரின் தனி அடையாள எண்ணிலிருந்து எடுப்பது வசதி.

இன்னொன்று: ரீசெட்டுக்குப் பிறகு கேபிள் இணைப்பு நிலைக்கச் சில விநாடி ஆகும். கேபிளைக் கவனிக்கும் பகுதியான பிஎச்ஒய்யின் ரெஜிஸ்டரில் கடைசி பிட் 1 ஆகும்வரை காத்திருக்காமல் ‘கனெக்ட்’ சொன்னால், எதிர்முனையின் மேக் முகவரியைக் கேட்கும் ஏஆர்பிக்கே பதில் வராது. இயல்பு அமைப்பில் 1.8 விநாடி கழித்துத் தோல்வி வரும். சர்வரில் கோளாறு என்று நினைத்து அங்கே போய்த் தேடுவார்கள்.

‘சென்ட்’ என்ற ஒற்றைச் சொல்

சிப்புக்குள் 32 கேபி நினைவகம். அனுப்ப 16, பெற 16. சிப் ஒரே நேரத்தில் நடத்தும் எட்டு இணைப்புகளான எட்டு சாக்கெட்டுக்கும் சமமாகப் பிரித்தால் ஒன்றுக்கு 2 கேபி; இயல்பு அமைப்பும் அதுதான். ‘சென்ட்’ அழைத்தால் நடப்பது இது: அனுப்பும் பஃபரில் (அனுப்பக் காத்திருக்கும் பைட்டுகள் தங்கும் நினைவகம்) எவ்வளவு காலி என்று லைப்ரரி பார்க்கிறது, உங்கள் பைட்டுகளை எஸ்பிஐ வழியே அங்கே நகலெடுக்கிறது, எழுதும் சுட்டியை நகர்த்துகிறது, ஹெக்ஸ் 20 என்ற கட்டளையைக் கொடுக்கிறது, கட்டளை ரெஜிஸ்டர் பூஜ்யமானதும் எத்தனை பைட் என்று சொல்லித் திரும்பிவிடுகிறது. அந்த நேரத்தில் பாக்கெட் கேபிளில் ஏறியிருக்கலாம், ஏறாமலும் இருக்கலாம். சர்வருக்குப் போய்ச் சேர்ந்ததற்கு அது சாட்சியே இல்லை.

இங்கே வரிசையாகப் பள்ளங்கள். 5000 பைட் உள்ள அர்ரேயை 2 கேபி சாக்கெட்டில் ‘சென்ட்’ செய்தால், லைப்ரரி சத்தம் போடாமல் நீளத்தை 2048 ஆக வெட்டி, அதை மட்டும் அனுப்பி, 2048 என்று திருப்பித் தரும். திரும்பி வந்த எண்ணைப் பார்க்காதவருக்கு மீதி 2952 பைட் காற்றோடு போயிற்று. நீளத்துக்கான மாறி 16 பிட் என்பதையும் மறக்கக்கூடாது. 65,536 என்று கொடுத்தால் அது பூஜ்யமாகச் சுருங்கி, தரவு நீளம் தவறு என்ற -14 பிழை வரும். 65,537 என்றால் பிழைகூட வராது, ஒரே ஒரு பைட் போகும்.

மீதியை அனுப்ப லூப் போடுகிறவர் அடுத்த பள்ளத்தில் விழுவார். முந்தைய அனுப்பல் முடிந்தது என்று சிப் கொடி தூக்குவதற்குள் மறுபடி ‘சென்ட்’ அழைத்தால் பூஜ்யம் திரும்பும். இந்த லைப்ரரியில் பூஜ்யம் என்றால் ‘இப்போது கை ஓயவில்லை, பிறகு வா’ என்று பொருள். ப்ளாக்கிங் (வேலை முடியும்வரை திரும்பாத) முறையிலும் இதே கதைதான். காத்திருந்து அனுப்பிவிட்டு வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். லினக்ஸ் பழக்கத்தில் ‘பூஜ்யம் அல்லது அதற்குக் கீழே வந்தால் இணைப்பை மூடு’ என்று எழுதியவரின் சாதனம், முதல் துண்டை மட்டும் அனுப்பிவிட்டு ஒவ்வொரு தடவையும் தானே கதவைச் சாத்திக்கொள்ளும். சர்வர் லாகில் பார்த்தால் எல்லாமே 2048 பைட்டில் அறுந்திருக்கும். அந்த எண்ணைக் கண்டாலே காரணம் இதுதான்.

சரியான லூப் மூன்று கிளையாகப் பிரிய வேண்டும். கூட்டல் எண் வந்தால் சுட்டியை அத்தனை நகர்த்தி மீதியைக் குறையுங்கள். பூஜ்யம் வந்தால் எதையும் நகர்த்தாமல், வாட்ச்டாகை (நிரல் உறைந்தால் போர்டை ரீசெட் செய்யும் டைமர்) தட்டிவிட்டு, வேறு வேலை இருந்தால் பார்த்துவிட்டுத் திரும்பி வாருங்கள். நீங்களே வைத்த கெடு தாண்டினால் கைவிடுங்கள். கழித்தல் எண் வந்தால் அந்த இணைப்பு முடிந்த கதை. -7 என்றால் சாக்கெட் இணைந்த நிலையில் இல்லை, -13 என்றால் திரும்பத் திரும்ப அனுப்பியும் பதில் இல்லை. இரண்டிலும் ‘க்ளோஸ்’ சொல்லி, ‘சாக்கெட்’டிலிருந்து புதிதாகத் தொடங்க வேண்டும். லைப்ரரி சில இடங்களில் தானே மூடியிருக்கும், சில இடங்களில் மூடாது. இரண்டு முறை மூடுவதால் கெடுதல் இல்லை.

அந்த -13 வர எவ்வளவு நேரம் ஆகும் என்பது பலரும் கேட்காத கேள்வி. இயல்பு அமைப்பில் முதல் காத்திருப்பு 200 மில்லிசெகண்ட், மறுமுயற்சி 8. டிசிபியில் காத்திருப்பு ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாகி 6.4 விநாடியில் நிற்கும். கூட்டிப் பார்த்தால் 31.8 விநாடி. அவ்வளவு நேரமும் சாக்கெட் ‘இணைந்திருக்கிறேன்’ என்றே சொல்லும். 8 விநாடியில் வாட்ச்டாக் கடிக்கும் போர்டில் ப்ளாக்கிங் முறை வைத்தால், கொடி வந்தும் பஃபரில் இடம் இல்லாதபோது இடம் கிடைக்கும்வரை ‘சென்ட்’ உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்க, வாட்ச்டாக் முதலில் வந்து போர்டை ரீசெட் செய்துவிடும். ‘சாக்கெட்’ அழைக்கும்போதே நான்-ப்ளாக்கிங் கொடியைக் கொடுத்துவிடுங்கள். மறுமுயற்சியை 4 ஆகக் குறைத்தால் மொத்தம் 6.2 விநாடிதான், உள்ளூர் நெட்வொர்க்குக்கு அது போதும். மொபைல் டேட்டா வழியாகப் போகும் இணைப்பில் குறைக்க வேண்டாம்.

இனி நல்ல செய்தி. டிசிபி முறையில், அனுப்பும் பஃபரின் காலியிட ரெஜிஸ்டர் எதிர்முனையின் ஒப்புகை (‘வாங்கிவிட்டேன்’ என்ற பதில்) வந்த பிறகுதான் ஏறும். அதாவது காலியிடம் மறுபடி முழு 2048-ஐத் தொட்டால், நீங்கள் கொடுத்த கடைசி பைட் வரை எதிர்முனையின் டிசிபி அடுக்கு வாங்கிவிட்டது. சாதாரண சாக்கெட் ‘சென்ட்’ இதைச் சொல்லாது. லினக்ஸில் இதே தகவலுக்குத் தனியாக ஐஓசிடிஎல் என்ற சிஸ்டம் அழைப்பு போட வேண்டும். இங்கே ஒரு ரெஜிஸ்டரைப் படித்தால் கையில். சிப்பின் மிக உபயோகமான குணம் இதுதான், லைப்ரரியின் எடுத்துக்காட்டுகளில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் இதுதான். படிக்கும்போது ஒரு எச்சரிக்கை: 16 பிட் எண் இரண்டு பைட்டாக வருவதால், முதல் பைட்டுக்கும் இரண்டாம் பைட்டுக்கும் நடுவே மதிப்பு மாறலாம். இரண்டு முறை அடுத்தடுத்து ஒரே எண் வரும்வரை படிக்க வேண்டும். லைப்ரரியின் ஃபங்ஷன் அதைச் செய்கிறது. சொந்தமாக டிரைவர் எழுதுகிறவர்கள் விட்டுவிடுகிறார்கள்.

எதிர்முனையின் டிசிபி வாங்கியது வேறு, அங்கே ஓடும் ப்ரோகிராம் டேட்டாபேஸில் எழுதியது வேறு. மீட்டர் ரீடிங், பில் தொகை மாதிரி தொலையக்கூடாத தரவென்றால், ஒவ்வொரு செய்திக்கும் வரிசை எண் வைத்து, சர்வர் ப்ரோகிராம் அந்த எண்ணைத் திருப்பி அனுப்பிய பிறகே உங்கள் ஈஈப்ராமிலிருந்து (மின்சாரம் போனாலும் அழியாத நினைவகம்) அழியுங்கள். இதை எந்தச் சிப்பும் உங்களுக்காகச் செய்யாது.

டிசிபிக்குச் செய்தி எல்லை தெரியாது என்பதும் இதோடு சேர்ந்த விஷயம். 20 பைட்டாக மூன்று ‘சென்ட்’ சொன்னால் எதிரே 60 ஆகவும் வரலாம், 35-ம் 25-மாகவும் வரலாம். முன்னால் இரண்டு பைட் நீளம், பிறகு செய்தி என்று கட்டுங்கள். ஸ்ட்ரக்ட்டை அப்படியே அனுப்பும் சோம்பல் வேண்டாம்: ஒரு 8 பிட், ஒரு 32 பிட், ஒரு 16 பிட் என்று மூன்று உறுப்புள்ள ஸ்ட்ரக்ட் ஏவிஆரில் 7 பைட், 32 பிட் ஏஆர்எம்மில் 12 பைட். நடுவில் கம்பைலர் திணித்த வெற்று பைட்டுகளும் சேர்ந்து போகும். எண்களை ஷிஃப்ட் செய்து, பெரிய பைட் முதலில் என்ற வரிசையில், பைட் பைட்டாக அர்ரேயில் அடுக்கி, கடைசியில் ஒரே ஒரு ‘சென்ட்’.

ஒரே ஒரு என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தச் சிப்பில் ஒவ்வொரு அனுப்பும் கட்டளையும் குறைந்தது ஒரு தனிப் பாக்கெட்டாகக் கிளம்பும். ஒரு எழுத்தை அனுப்பினாலும் ஐபி, டிசிபி தலைப்புகளுக்கு 40 பைட், ஈதர்நெட் ஃபிரேமுக்குக் குறைந்தபட்சம் 64 பைட். ஆர்டுயினோவில் ப்ரிண்ட்எல்என் என்றால் உரைக்கு ஒரு பாக்கெட், வரி முடிவின் இரண்டு எழுத்துக்கு இன்னொன்று. எச்டிடிபி தலைப்புகளை அப்படி எழுதியவர்கள்தான் ‘சிப் மெதுவாக இருக்கிறது’ என்று ஒற்றை நட்சத்திரம் போடுகிறவர்கள். தலைப்பு முழுவதையும் ஒரு பஃபரில் எஸ்என்ப்ரிண்ட்எஃப் செய்து ஒரே தடவையில் தள்ளினால் அந்த மெதுவெல்லாம் பறந்துவிடும்.

வேகத்துக்கென்று லைப்ரரியில் ‘டிசிபி நோடிலே’ என்ற கொடி இருக்கிறதே என்று அதை ஏற்றுகிறவர்கள் உண்டு. லினக்ஸில் அந்தப் பெயர் சிறு பாக்கெட்டுகளைத் தேக்காமல் அனுப்பச் சொல்வது. இங்கே அதற்குச் சம்பந்தமே இல்லாத பொருள்: எதிர்முனையிலிருந்து தரவு வந்தவுடன் ஒப்புகையைத் தாமதிக்காமல் அனுப்பு என்பது. வாங்கும் பக்கம் அதிகமுள்ள சாதனத்துக்கு நல்லது, அனுப்பும் வேகத்தை அது தொடவே தொடாது. இப்படிப் பெயர் வைத்தவரை என்ன சொல்வது!

உண்மையில் வேகத்தைத் தீர்மானிப்பது பஃபர். ஒப்புகை வரும்வரை பைட்டுகள் பஃபரிலேயே இருக்க வேண்டும் என்பதால், ஒரு சுற்றுப்பயண நேரத்தில் ஒரு பஃபர் அளவுக்கு மேல் போக வழியில்லை. 50 மில்லிசெகண்ட் தொலைவிலுள்ள சர்வருக்கு 2 கேபி பஃபரோடு அனுப்பினால் உச்சம் விநாடிக்கு 40 கேபி, எஸ்பிஐயை எவ்வளவு முடுக்கினாலும். அதே சாக்கெட்டுக்கு 16 கேபியும் கொடுத்தால் 320. தொடக்க ஃபங்ஷனுக்கு எட்டு எண் கொண்ட இரண்டு அர்ரே கொடுப்பீர்கள் அல்லவா, அங்கேதான் இந்தப் பங்கீடு: 8, 4, 2, 2, 0, 0, 0, 0 மாதிரி. ஒவ்வொன்றும் 0, 1, 2, 4, 8, 16-இல் ஒன்று, கூட்டுத்தொகை 16-ஐத் தாண்டக்கூடாது. டபிள்யூ5100-இல் பஃபர் முனையில் சுற்றி வருவதை நாமே மாஸ்க் போட்டுக் கணக்கிட வேண்டியிருந்தது; இதில் சிப்பே பார்த்துக்கொள்கிறது. பெரிய நிம்மதி.

மூடுவதும் மறுபடி திறப்பதும்

‘க்ளோஸ்’ என்பது இங்கே கதவை அறைந்து சாத்துவது. இணைப்பை முறையாக முடிக்கும் ஃபின் பாக்கெட் போகாது, பஃபரில் மிச்சம் இருந்த பைட்டும் போகாது. அனுப்பிய கையோடு ‘க்ளோஸ்’ சொன்னால் கடைசித் துண்டு அடிக்கடி காணாமல் போவது இதனால்தான். முறை: காலியிடம் முழுமையாகும்வரை பொறுத்து, ‘டிஸ்கனெக்ட்’ சொல்லி, நிலை மூடியதாக மாறிய பிறகு ‘க்ளோஸ்’. எதிர்முனை முதலில் மூடினால் நிலை ஹெக்ஸ் 1சி ஆகும். அப்போதும் உங்கள் பக்கத்து மிச்சத்தை அனுப்பலாம், அனுப்பி முடித்ததும் ‘டிஸ்கனெக்ட்’ சொல்லாவிட்டால் அந்தச் சாக்கெட் அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும். எட்டும் தொங்கிவிட்டால் சாதனம் செத்த மாதிரிதான்.

கேபிளைப் பிடுங்கினால் சிப் தானாக இணைப்பை மூடாது. அனுப்ப எதுவும் இல்லாத நேரத்தில் எதிர்முனை போனதே தெரியாது. கீப்அலைவ் ரெஜிஸ்டர் 5 விநாடி அலகில் எண்ணுகிறது. 6 என்று எழுதினால் 30 விநாடிக்கு ஒருமுறை தட்டிப் பார்க்கும். ஆனால் இணைந்தபின் ஒரு பைட்டாவது போயோ வந்தோ இருந்தால்தான் அது வேலையைத் தொடங்கும். சும்மா காத்திருக்கும் சாதனமென்றால், இணைந்தவுடன் ஒரு ‘வணக்கம்’ செய்தி அனுப்பிவிடுங்கள்.

அடுத்தது மிகவும் நுணுக்கமான ஒன்று. போர்ட் எண் பூஜ்யம் என்று கொடுத்தால் லைப்ரரி தானாக ஒன்றைத் தேர்ந்தெடுக்கும், 49152-இல் தொடங்கி ஒவ்வொன்றாக ஏறும். மின்சாரம் போய் வந்தால்? மறுபடி 49152. சர்வர் பக்கத்தில் பழைய இணைப்பு அதே முகவரி, அதே போர்ட்டோடு இன்னும் உயிரோடு இருப்பதாகக் கணக்கில் இருக்கும். லினக்ஸின் இயல்பான கீப்அலைவ், அதுவும் ப்ரோகிராம் கேட்டிருந்தால்தான், 7200 விநாடி கழித்துத்தான் பார்க்கும். புதிய இணைப்புக் கோரிக்கை பழைய இணைப்போடு மோதி, முதல் முயற்சி தடுமாறும். ‘மின்வெட்டுக்குப் பிறகு சில சமயம் இணைய மறுக்கிறது’ என்ற புகாரின் வேர் இங்கே இருக்க வாய்ப்பு அதிகம். ஈஈப்ராமில் ஓர் எண்ணியை வைத்து, போர்டு தொடங்கும் ஒவ்வொரு முறையும் ஏற்றி, அதிலிருந்து மூலப் போர்ட்டை எடுத்துக் கொடுங்கள்.

சர்வராக வைப்பவர்களுக்கு: காத்திருப்பு வரிசை கிடையாது. ஒரு சாக்கெட் கேட்டுக்கொண்டிருந்து ஒருவரை ஏற்றால் அதுவே அவருக்கான இணைப்பாகிவிடும். அடுத்தவர் தட்டினால் நேராக மறுப்பு. நான்கு பேர் வரலாம் என்றால் நான்கு சாக்கெட்டை ஒரே போர்ட்டில் கேட்க வைக்க வேண்டும். ஐபி முகவரி வாங்கித் தரும் டிஎச்சிபியும் பெயரை முகவரியாக்கும் டிஎன்எஸ்ஸும் சிப்பில் இல்லை, லைப்ரரியில் சி நிரலாக வருகின்றன, ஆளுக்கொரு சாக்கெட்டை எடுத்துக்கொள்ளும். டிஎச்சிபியின் கடிகார ஃபங்ஷனை விநாடிக்கு ஒருமுறை அழைக்க மறந்தால் முகவரி முதலில் கிடைத்துவிடும், குத்தகை புதுப்பிக்கப்படாது. ஒருநாள் நன்றாக ஓடி மறுநாள் நிற்கும் சாதனங்களில் முதலில் பார்க்க வேண்டிய இடம். யுடிபியில் ஒரு செய்தியை 1472 பைட்டுக்குள் வையுங்கள். ஐபி துண்டாக்கலைச் சிப் ஆதரிப்பதில்லை.

யாருக்கு, எதற்கு

தரவை மறைத்து அனுப்பும் டிஎல்எஸ் கிடையாது. எச்டிடிபிஎஸ் கட்டாயமான சர்வரோடு பேச வேண்டுமென்றால் எம்பெட்டிஎல்எஸ் மாதிரியான ஒரு லைப்ரரியை மைக்ரோகன்ட்ரோலரிலேயே ஓட்ட வேண்டும், அதற்குப் பல பத்து கேபி ராம் வேண்டும். ஊனோவில் நடக்காத காரியம். ஐபிவி6-ம் இதில் இல்லை, அதற்கு விஸ்நெட்டின் டபிள்யூ6100 இருக்கிறது. முதல் சாக்கெட்டை மட்டும் மேக்ரா முறையில் (வெறும் ஈதர்நெட் ஃபிரேம்களை அப்படியே கொடுக்கும் முறை) போட்டு, மென்பொருளாக எழுதிய டிசிபி அடுக்கான எல்டபிள்யூஐபியை மேலே ஓட்டலாம் என்று சொல்வார்கள். ஓட்டலாம், ஆனால் சிப்புக்குள் இருக்கும் டிசிபிக்குக் கொடுத்த காசு வீண்.

மாற்று என்று பார்த்தால், ஈஎன்சி28ஜே60 மாட்யூல் 10 மெகாபிட், 8 கேபி பஃபர், டிசிபி முழுவதும் உங்கள் தலையில். விலை வித்தியாசத்துக்காக இன்று அதை வாங்குவதில் அர்த்தமில்லை. ஈதர்நெட் மேக் உள்ளேயே இருக்கும் எஸ்டிஎம்32 அல்லது ஈஎஸ்பி32 கையில் இருந்தால், எல்ஏஎன்8720 பிஎச்ஒய் மாட்யூலும் எல்டபிள்யூஐபியும் போதும். ராம் இருக்கிறது, உண்மையான சாக்கெட் குணம் கிடைக்கும், வேகமும் அதிகம். வைஃபை எட்டும் இடத்தில் இருக்கும் பொழுதுபோக்குத் திட்டத்துக்கு ஈஎஸ்பி32 மட்டுமே போதும், கேபிளே வேண்டாம்.

இந்த மாட்யூல் பொருந்துவது வேறு இடத்தில்: மோட்டார், வெல்டிங், தகரக் கூரை என்று வைஃபை திணறும் ஆலைத் தளத்தில், ஏற்கெனவே சின்ன மைக்ரோகன்ட்ரோலரில் ஓடிக்கொண்டிருக்கும் கருவிக்குப் பின்னால் ஒரு கேபிளை மாட்ட வேண்டியவருக்கு. நிமிடத்துக்கு ஒருமுறை நூறு பைட், மாதக் கணக்கில், நிற்காமல். அதற்கு ஐந்துக்கு நாலரை தரலாம். லைப்ரரிக்குத் தனியாக மதிப்பெண் என்றால் மூன்றுதான்: நிரல் சுத்தம், படித்தால் புரிகிறது, ஆனால் ‘க்ளோஸ்’, ‘சென்ட்’ போன்ற பெயர்கள் சில டூல்செயின்களில் சிஸ்டம் ஃபங்ஷன்களோடு மோதி லிங்க் பிழை தரும், பூஜ்யம் திரும்பும் விஷயம் ஆவணத்தில் இன்னும் உரக்கச் சொல்லப்பட்டிருக்க வேண்டும்.

வாங்கும்போது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: ரீசெட்டும் இன்டரப்டும் பின்களாக வெளியே வந்திருக்கின்றனவா, 5 வோல்ட் பின்னுக்குப் பக்கத்தில் ரெகுலேட்டர் தெரிகிறதா, ஆர்ஜே45 சாக்கெட்டில் எல்இடி இரண்டும் இருக்கின்றனவா. வந்தவுடன் லேப்டாப்பில் இணைப்புகளை ஏற்கும் கருவியான நெட்கேட்டை ஏதாவது ஒரு போர்ட்டில் கேட்க வைத்து, பக்கத்தில் பாக்கெட்டுகளைக் காட்டும் வயர்ஷார்க்கைத் திறந்து, 5000 பைட் அனுப்பிப் பாருங்கள். எத்தனை பைட் வந்து சேர்ந்தது என்பதை உங்கள் லூப் சொல்வதோடு ஒப்பிட்டால், அடுத்து எங்கே கை வைக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.